புடிச்சுது என்று வாசித்த குழந்தை

தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பில் சேரும் மாணவர் கற்பித்தல் பயிற்சிக்காகப் பள்ளிக்குள் நுழையும்போது அவர் கையில் நிறையவே இருக்கிறது. மேற்கையொப்பம் பெற்ற பாடக்குறிப்பு, வண்ணத் தாளில் வெட்டிய மின்னட்டைகள், சுருட்டிய சார்ட்டுகள், ஒரு பாட்டு, ஒரு விளையாட்டு. வகுப்பின் கடைசி பெஞ்சில் அமர்ந்து அவரை மதிப்பிடும் விரிவுரையாளர் இவற்றைத்தான் பார்க்கிறார். குரல் எடுப்பாக இருந்ததா, கரும்பலகைப் பயன்பாடு சரியாக இருந்ததா, ஊக்குவித்தல் நடந்ததா என்று குறித்துக்கொள்கிறார். ஒரு குழந்தை ஒரு வரியை வாசித்தபோது எந்த இடத்தில் தடுக்கியது, ஏன் தடுக்கியது, அந்தத் தடுக்கலைப் பயிற்சி ஆசிரியர் எப்படிப் புரிந்துகொண்டார் என்பதற்கு மதிப்பீட்டில் பெரும்பாலும் இடமில்லை. எழுத்தறிவு கற்பிக்கப் பழகுபவர் முதலில் பெறவேண்டிய திறன் அந்தத் தடுக்கலைக் கேட்கும் காது என்பதே இக்கட்டுரையின் வாதம். முறைகளும் கருவிகளும் அதற்குப் பிறகு வருபவை. அந்தக் காது இல்லாதவரிடம் எந்த முறையும் வெறும் சடங்காகிவிடும்.

இந்தத் திறன் இயல்பாக வாய்த்துவிடாததற்குக் காரணம் உண்டு. பயிற்சி ஆசிரியர் பன்னிரண்டு ஆண்டுகள் பள்ளியில் படித்துவிட்டு வந்தவர். சொல்லைப் பார்த்த மாத்திரத்தில் அவருக்குப் பொருள் வந்துவிடுகிறது. எழுத்தை அடையாளம் காண்பது, ஒலியாக்குவது, ஒலிகளைக் கூட்டுவது, கூட்டியதைத் தெரிந்த சொல்லோடு பொருத்துவது என்ற படிகள் எல்லாம் அவருக்குள் எப்போதோ மறைந்துபோயின. வாசிக்கத் தெரிந்ததனாலேயே வாசிப்பு எப்படி நடக்கிறது என்பது அவருக்குத் தெரியாமல் போயிருக்கிறது. எனவே குழந்தை தடுமாறும்போது 'கவனமில்லை', 'மெல்ல மலர்கிற பிள்ளை', 'வீட்டில் சொல்லிக்கொடுப்பதில்லை' என்ற மூன்றில் ஒன்று காரணமாகிவிடுகிறது. எழுத்தின் பக்கம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

பார்க்கவேண்டிய அவசியத்தை எண்களே சொல்கின்றன. பள்ளிக் குழந்தைகளின் கற்றல் நிலையை அளக்கும் 'ஏசர்' ஆய்வின்படி, தமிழ்நாட்டுக் கிராமப்புறங்களில் இரண்டாம் வகுப்புப் பாடப்பகுதியை வாசிக்க முடிந்த மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் 2018இல் நூற்றுக்குச் சுமார் 10 பேர். கொரோனாவுக்குப் பின் 2022இல் அது 5க்கும் கீழே போனது. 2024இல் 12 அளவுக்கு ஏறியது. அதே 2024இல் இந்திய அளவில் இது சுமார் 27. இந்த எண்களோடு சண்டை போட இடமுண்டு. இந்த ஆய்வு கிராமங்களை மட்டும் எடுத்துக்கொள்வது, தன்னார்வலர்கள் வீட்டு வாசலில் நடத்துவது, வாசிக்கத் தருவது ஒரு சிறு பகுதி. ஆனால் உண்மை நிலை இதைப்போல இரண்டு மடங்கு நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், பள்ளிச் சேர்க்கையிலும் சத்துணவிலும் நாட்டுக்கு வழிகாட்டிய ஒரு மாநிலத்துக்கு இது பொருந்தாத எண்தான்.

விந்தை என்னவென்றால், தமிழ் எழுத்து ஏமாற்றாத எழுத்து என்பதே நம் பொது எண்ணம். எழுதியபடி வாசிக்கலாம், ஆங்கிலம்போல் எழுத்து ஒன்று ஒலி ஒன்று என்று இராது. ஃபிலிப் சீமோரும் அவருடைய கூட்டாளிகளும் 2003இல் வெளியிட்ட ஐரோப்பிய ஒப்பாய்வில், ஃபின்னிஷ், கிரேக்கம் போன்ற நேரான எழுத்துமுறைகளில் முதல் வகுப்பு முடிவதற்குள் குழந்தைகள் அநேகமாக எல்லாச் சொற்களையும் வாசித்துவிட்டார்கள். ஆங்கிலம் படித்த ஸ்காட்லாந்துக் குழந்தைகளோ அதே கட்டத்தில் பழகிய சொற்களிலேயே மூன்றில் ஒரு பங்கைத்தான் வாசித்தார்கள். இந்தக் கணக்கில் தமிழ்க் குழந்தை ஃபின்லாந்துக் குழந்தைக்குப் பக்கத்தில் நிற்கவேண்டும். அப்படி நிற்கவில்லை என்றால், 'ஏமாற்றாத எழுத்து' என்ற எண்ணத்துக்குள்ளேயே நாம் பார்க்கத் தவறிய ஏதோ இருக்கிறது.

247 எழுத்துகள் என்று கேட்டதும் மலைப்பாக இருக்கும். உண்மையில் சுமை 247 அல்ல. உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று. உயிர்மெய் 216இல் பெரும்பகுதி, அகர உயிர்மெய்யோடு ஒரு குறியைச் சேர்த்தால் வருபவை. ஆனால் 'சேர்த்தால் வருபவை' என்ற இடத்தில்தான் சிக்கல் ஒளிந்திருக்கிறது. துணைக்கால் எழுத்துக்குப் பின்னால் வருகிறது; 'கா' என்று கண்ணும் காதும் ஒரே திசையில் போகின்றன. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் வருகின்றன. காதில் முதலில் விழுவது மெய், கண்ணில் முதலில் படுவது உயிரின் குறி. 'கொ' இன்னும் ஒரு படி மேலே: கொம்பு முன்னால், கால் பின்னால், நடுவில் க. ஒலியோ ஒரே குறில். இடமிருந்து வலமாக நேர்மையாக வாசிக்கும் குழந்தை இங்கே தவறித்தான் ஆகவேண்டும். உகர, ஊகார வரிசைகள் வேறொரு காடு. இந்த 36 எழுத்துகளுக்கும் பொதுவான குறி கிடையாது. சு, பு, வு ஒரு விதம்; து, நு, லு ஒரு விதம்; டு, மு, ரு ஒரு விதம்; கூ, சூ இரண்டும் தங்களுக்குள் ஒத்துப்போய் மற்றவற்றிலிருந்து விலகுகின்றன. 1978இல் தமிழக அரசு பெரியார் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது ணா, றா, னை, லை போன்ற 13 எழுத்துகள் ஒழுங்குக்கு வந்தன. உகர வரிசையையும் ஒழுங்குபடுத்தலாம் என்று வா.செ. குழந்தைசாமி பல ஆண்டுகள் வாதாடினார், அது நடக்கவில்லை. நடந்திருக்க வேண்டுமா என்பது வேறு விவாதம். வகுப்பறையைப் பொறுத்தவரை, 'கி'யைக் கற்ற குழந்தை 'மி'யைத் தானே ஊகிக்க முடியும், 'கு'வைக் கற்ற குழந்தை 'து'வை ஊகிக்க முடியாது என்ற வேறுபாடு போதும். வாய்ப்பாட்டில் இரண்டும் ஒரே வரிசையில் ஒரே அகலக் கட்டங்களில் நிற்கின்றன. ஒன்றுக்கு ஒரு நாள் போதும் என்றால் இன்னொன்றுக்கு ஒரு மாதம் ஆகலாம் என்று பாடக்குறிப்பு எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒலிப்பக்கமும் அவ்வளவு நேரானது அல்ல. 'கல்', 'பகல்', 'தங்கம்' மூன்றிலும் எழுத்து ஒரே க, ஒலி மூன்று. 'பச்சை'யின் ச வேறு, 'மஞ்சளி'ன் ச வேறு. இதற்கு ஒழுங்கான விதி உண்டு, ஆனால் அந்த விதி தமிழ் பேசுகிறவரின் நாவில் இருக்கிறதே தவிர எழுத்தில் இல்லை. ப, க, ல் என்று தனித்தனியாகச் சொல்லிக் கூட்டும் குழந்தைக்கு முதலில் கிடைப்பது தமிழில் இல்லாத ஓர் ஓசை. 'ஓ, பகல்!' என்று அது தெரிந்த சொல்லுக்குத் தாவினால்தான் வாசிப்பு முடிகிறது. ஓசூர்ப் பக்கத்தில் வீட்டில் தெலுங்கு பேசும் குழந்தைக்கும், வாணியம்பாடியில் உருது பேசும் குழந்தைக்கும், திருப்பூரில் வடமாநிலத் தொழிலாளியின் குழந்தைக்கும் தாவுவதற்கு அந்தச் சொல் மனதில் இல்லாமல் போகலாம். எழுத்து அத்தனையும் தெரிந்திருந்தும் அக்குழந்தை வாசிக்கத் தெரியாத குழந்தை என்று பெயர் வாங்கும்.

இவற்றுக்கெல்லாம் மேலே நிற்பது பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் உள்ள தூரம். 'கொக்கு குளத்தில் மீன் பிடித்தது' என்ற ஒரு வரியை நான்கு குழந்தைகள் வாசிப்பதாக எண்ணிக்கொள்வோம். முதல் குழந்தை விரலை வைத்து 'கெ... கா... க்... கு' என்று நின்றுவிடுகிறது. இரண்டாவது, 'கொக்கு கொளத்துல மீன் புடிச்சுது' என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு நிமிர்கிறது. மூன்றாவது, அச்சில் உள்ளபடியே கணீரென்று ஒப்பிக்கிறது. ஆனால் வாய் 'பிடித்தது' என்று முடிக்கும்போது விரல் 'மீன்' மேல் இருக்கிறது. நான்காவது, 'கொக்கு குலத்தில் மின் பிடித்தது' என்று தெளிவாக வாசித்து, எந்தச் சந்தேகமும் இல்லாமல் அடுத்த வரிக்குப் போகிறது. வழக்கமான வகுப்பில் மூன்றாவது குழந்தைக்குத்தான் கைதட்டல். இரண்டாவதுக்குத் திருத்தம், நான்காவதுக்கு 'பரவாயில்லை', முதலாவதுக்கு 'உட்கார்'.

காது பழகியவருக்கு இந்த வரிசை தலைகீழாகிவிடும். இரண்டாவது குழந்தைதான் வாசித்திருக்கிறது. எழுத்தை ஒலியாக்கி, பொருளைப் பிடித்து, தன் மொழியில் திருப்பிச் சொல்லியிருக்கிறது; அதற்குத் தேவை எழுத்து வழக்கின் பழக்கமே தவிர வாசிப்புப் பயிற்சி அல்ல. முதல் குழந்தை ஒன்றும் தெரியாததல்ல, ஒகரக் குறியைப் பிரித்து வாசிக்கிறது. கொ, தொ, பொ என்று ஒரு வாரம் விளையாடினால் தீர்ந்துவிடக்கூடிய சிக்கல். நான்காவதிடம் ல–ள மயக்கமும் குறில்–நெடில் மயக்கமும் உண்டு, ஆனால் அவற்றைவிடப் பெரிய குறை 'மின் பிடித்தது' என்பது அதற்கு உறுத்தவில்லை என்பதுதான். வாசித்தால் பொருள் வரவேண்டும் என்ற எதிர்பார்ப்பே அதனிடம் இல்லை. உண்மையில் கவலைப்படவேண்டியது மூன்றாவதைப் பற்றி. அது இன்னும் வாசிக்கவே தொடங்கவில்லை, அதோடு அதை யாரும் கண்டுபிடிக்கவும் இல்லை. நான்கு பேருக்கும் 'இன்னொரு தரம் எல்லாரும் சேர்ந்து சொல்லுங்க' என்ற ஒரே மருந்தைக் கொடுத்தால் மூன்றாவதின் மறைவிடம்தான் பலப்படும்.

பிழையை இப்படி வாசிப்பது புதிய சிந்தனை அல்ல. அமெரிக்காவில் கென்னத் குட்மன் 1960களில் குழந்தைகளின் வாசிப்புப் பிழைகளைப் பதிவுசெய்து, அவை கண்டபடி விழுபவை அல்ல, ஒவ்வொன்றுக்கும் ஒரு தர்க்கம் உண்டு என்று காட்டினார். நியூசிலாந்தில் மேரி கிளே பிழைக் கவனிப்பை ஆசிரியர் அன்றாடம் செய்யக்கூடிய பதிவாக்கினார்: குழந்தை வாசிக்க வாசிக்க, சரியான சொல்லுக்கு ஒரு குறி, தவறிய இடத்தில் குழந்தை சொன்னது என்ன, அது தானாகத் திரும்பி வந்து திருத்திக்கொண்டதா. குட்மனின் பெயரைச் சொன்னால் ஒரு நியாயமான மறுப்பு வரும். வாசிப்பு என்பது ஊகம், எழுத்துகளை முழுக்கப் பார்க்கவேண்டியதில்லை என்று அவர் எடுத்த முடிவு பின்னாளில் தவறு என்று தெரிந்தது. தேர்ந்த வாசகர் எழுத்தை விரைவாகவும் முழுமையாகவும் காண்கிறார், சூழலை வைத்து ஊகிப்பது தடுமாறும் வாசகரின் ஊன்றுகோல் என்பதைக் கீத் ஸ்டானோவிச் போன்றோரின் ஆய்வுகள் காட்டின. இது குட்மனின் கொள்கையைச் சாய்க்கிறது, அவருடைய கவனிப்பைச் சாய்க்கவில்லை. பிழையைப் பதிவுசெய்ய ஊகக் கொள்கையை நம்பவேண்டியதில்லை. எழுத்தொலியை முறையாகக் கற்பிக்கவேண்டும் என்று கருதுகிறவருக்குத்தான், எந்த எழுத்தொலி இன்னும் உறைக்கவில்லை என்ற தகவல் அதிகம் தேவைப்படும்.

இந்திய மொழிகளில் நடந்த ஆய்வுகளும் இந்தப் பக்கமே சாய்கின்றன. கன்னடக் குழந்தைகளிடம் சோனாலி நாக் செய்த ஆய்வு (2007), எழுத்துகளைக் கற்று முடிப்பது ஒன்றிரண்டு வகுப்புகளில் தீர்வதில்லை, மூன்று நான்கு வகுப்புவரை நீள்கிறது என்று காட்டியது. தமிழில் எண்ணிக்கை குறைவு, ஆனால் மெய்யோடு உயிர்க்குறி சேர்ந்து வடிவம் மாறுவது இரண்டுக்கும் பொது. கர்நாடகத்தின் யாத்கிரியிலும் மகாராஷ்டிரத்தின் வாடாவிலும் ஷைலஜா மேனனும் குழுவினரும் ஆண்டுக்கணக்கில் நடத்திய ஆய்வு இன்னொரு பக்கத்தைத் திறந்தது: எழுத்துகளை ஊர்ந்து ஊர்ந்து முடித்துவிட்டுப் பிறகு பொருளுக்கு வரலாம் என்று காத்திருக்கும் வகுப்புகளில், பல குழந்தைகளுக்கு அந்தப் 'பிறகு' வருவதே இல்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், முதல் வகுப்பில் எழுத்து முடிந்துவிடும் என்ற கற்பனையில் பாடத்திட்டம் ஓடுகிறது, மூன்றாம் வகுப்பு ஆசிரியர் அந்தக் கற்பனையை நம்பிப் பாடத்தைத் தொடங்குகிறார் என்று ஆகிறது. மூன்றாம் வகுப்புக்குப் போகும் பயிற்சி ஆசிரியருக்கு உகர வரிசையைக் கற்பிப்பது தன் வேலை என்ற எண்ணமே எழாது.

'அரிச்சுவடி ஒப்பித்துத்தானே தலைமுறைகள் படித்தன?' என்ற கேள்வி எப்போதும் காத்திருக்கும். திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதிப் பழகிய முறைக்கு நிச்சயம் வலிமை உண்டு. வாயும் கையும் கண்ணும் ஒன்றாக வேலை செய்தன. 1790களில் சென்னை எழும்பூரில் ராணுவ அனாதைச் சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதும் பழக்கத்தை இங்குள்ள பள்ளியில் பார்த்துத்தான் கைக்கொண்டார். பிள்ளையே பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டோடு சேர்ந்து அது 'மதராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்துக்குப் போனது. ஆனால் அந்தத் தலைமுறைகளில் யார் படித்தார்கள் என்று கேட்கவேண்டும். திண்ணையில் இடம் கிடைத்தவர் சிலர், அதில் பிடிக்காமல் நின்றுபோனவர் பலர். நின்றுபோனவரின் பிழையை யாரும் எழுதிவைக்கவில்லை. எல்லாக் குழந்தைகளும் பள்ளிக்கு வந்துவிட்ட நாட்டில், வடிகட்டி எடுத்த சிலரின் வெற்றியை ஒரு முறையின் சான்றாகக் காட்ட முடியாது.

இன்னொரு மறுப்பு அரசுத் திட்டங்களின் பக்கமிருந்து வருகிறது. ஆசிரியரின் நுண்ணறிவை நம்பினால் ஆசிரியருக்கு ஆசிரியர் தரம் மாறும், நல்ல கருவிகளை உருவாக்கி எல்லாருக்கும் கொடுப்பதே பாதுகாப்பு என்பது அந்த வாதம். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007 வாக்கில் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றல், அட்டைகளையும் ஏணிப்படிகளையும் நம்பியது. 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பார்க்கிறது. இரண்டிலும் மெச்சத்தக்கது உண்டு. செயல்வழிக் கற்றல் ஆசிரியரைக் கரும்பலகையிலிருந்து இறக்கித் தரையில், குழந்தையின் பக்கத்தில் உட்காரவைத்தது. என் கணிப்பில் அதுவே அதன் பெரிய சாதனை, அட்டைகள் அல்ல. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு எதைக் கேட்பது என்று தெரியவில்லை என்றால், அட்டை முடிந்ததா என்பது மட்டுமே கேள்வியாகிவிடும். 'அரும்பு' என்ற நிலையில் மேலே சொன்ன முதல் குழந்தையும் மூன்றாவது குழந்தையும் சேர்ந்தே இருக்கும். நிலை ஒன்றுதான், தேவை வேறு. அந்த வேறுபாட்டைச் செயலியில் ஏற்றும் மதிப்பெண் காட்டாது.

பிழை, எழுத்து, குறி என்று பேசுவது வாசிப்பை மீண்டும் உயிரற்றதாக்கிவிடும் என்று அஞ்சுபவர்களும் உண்டு. இவர்களின் அச்சத்தை நான் அதிகம் மதிக்கிறேன். நியூசிலாந்தில் மவோரி குழந்தைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன்-வார்னர், ஒவ்வொரு குழந்தையும் தனக்கு முக்கியமான சொல்லைக் கேட்டு வாங்கி அதிலிருந்து வாசிக்கத் தொடங்கவைத்தார். 1990களில் முதியோருக்கு எழுத்தறிவு தந்த அறிவொளி இயக்கத்தின் பாடநூல் 'அ'வில் தொடங்காமல் 'பட்டா' என்ற சொல்லில் தொடங்கியது. நிலமற்ற பெண்களுக்கு அதைவிடக் கனமான சொல் எது? கல்வியாளர் கிருஷ்ண குமார் குழந்தையின் பேச்சையே வாசிப்பின் மூலதனமாகப் பார்த்தார். இவை எல்லாம் சரியே. ஆனால் 'பட்டா'வைத் தேர்ந்தவர்கள் பொருளை மட்டும் பார்க்கவில்லை என்பதையும் கவனிக்கவேண்டும். ப, ட், டா என்று கோடுகளால் ஆன எளிய வடிவங்கள். கொம்பு கிடையாது, கண் பின்னோக்கிப் போகவேண்டியதில்லை. மிகச் சில எழுத்துகள் சேர்ந்தாலே பாடம், பட்டம், மாடு வரை எட்டிவிடலாம். பொருளுள்ள சொல்லும் எழுத்தின் அமைப்பும் ஒரே தேர்வில் கூடியிருக்கின்றன. எழுத்தின் உள்ளமைப்பை அறிந்தவர்தான் பொருளுள்ள சொற்களிலிருந்து கற்பிக்கத் தகுந்த சொல்லைப் பொறுக்க முடியும்.

நேரம் எங்கே என்பது பள்ளியிலிருந்து வரும் கேள்வி. ஒரே ஆசிரியர், இரண்டு மூன்று வகுப்புகள், நடுவில் வருகைப் பதிவு, எமிஸ் தளத்தில் தரவு ஏற்றம், சத்துணவுக் கணக்கு. இந்தக் குறையை மறுக்க முடியாது. ஆனாலும் இங்கே கேட்பது தினமும் எல்லாரையும் அல்ல. ஒரு குழந்தை ஐந்து வரி வாசிக்க இரண்டு மூன்று நிமிடம். நாளுக்கு நான்கு பேர் என்றால் இருபது பேர் வகுப்பை ஒரு வாரத்தில் கேட்டுவிடலாம். கூட்டு ஒப்பித்தலுக்குப் போகும் நேரத்தில் ஒரு பகுதியே இதற்குப் போதும். பயிற்சி ஆசிரியருக்கோ இந்தச் சாக்கும் இல்லை. வகுப்பில் அவர் கூடுதல் ஆள். அவரைக் கரும்பலகை முன் நிறுத்தி நாற்பது நிமிடம் நடிக்கவைப்பதைவிட, ஒரே ஒரு குழந்தையின் வாசிப்பைப் பயிற்சிக் காலம் முழுவதும் எழுதிவரச் சொல்லலாம்: எந்த வரி, என்ன சொன்னது, எங்கே திரும்பியது, அடுத்த நாள் என்ன கொடுத்தேன், அதற்குப் பின் என்ன மாறியது. நாற்பது பாடக்குறிப்புகள் நகலெடுக்கப்படலாம், ஆண்டுக்கு ஆண்டு கைமாறலாம், மாறவும் செய்கின்றன. ஒரு குழந்தையின் பிழைப் பதிவை யாரும் நகலெடுக்க முடியாது.

இதற்கு நிறுவனங்களில் எதிர்ப்பு வந்தால் அது சோம்பலால் மட்டும் வராது. அந்தப் பதிவைத் திருத்தி மதிப்பெண் போடவேண்டியவர் அதை வாசிக்கத் தெரிந்தவராக இருக்கவேண்டும். 1986ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து உருவான மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களில் கற்பிக்கிறவர்களில் பெரும்பாலோர் உயர்நிலை, மேல்நிலைப் பாடங்களுக்கான பட்டங்களோடு வந்தவர்கள். செய்யுள் நயத்தை அழகாக எடுத்துச் சொல்வார்கள், நன்னூல் விதியைத் தடையின்றி விளக்குவார்கள். ஒன்றாம் வகுப்பில் ஆறு வயதுக் குழந்தை 'கொ'வை ஏன் 'கெ–கா' என்கிறது என்ற கேள்வியை அவர்களிடம் யாரும் கேட்டதில்லை. தொடக்க வகுப்பு ஆசிரியரை உருவாக்குபவருக்குத் தொடக்க வகுப்பு அனுபவம் வேண்டும் என்பதை இரண்டாம் தரத் தகுதியாகவே நம் பணி விதிகள் வைத்திருக்கின்றன. ஒன்றாம் வகுப்பில் பத்து ஆண்டுகள் கழித்த ஆசிரியை பயிற்சி நிறுவனத்துக்கு விருந்தினராக வந்து ஒரு மணி நேரம் 'அனுபவப் பகிர்வு' செய்துவிட்டுப் போகலாம். பாடம் நடத்த முடியாது, மதிப்பெண் போட முடியாது. பயிற்சி மாணவரின் பதிவேட்டில் கையொப்பமிடும் உரிமை அந்த ஆசிரியைக்கு வரும்வரை, மதிப்பீட்டுப் படிவத்தில் என்ன வரி சேர்த்தாலும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரின் பார்வை சார்ட்டின் மேல்தான் இருக்கும்.